கபீர் வீட்டு மேற்குச் சுவர்

இராஜபாளையத்தில் அந்த ஐப்பசி மழைக்கு எத்தனையோ வீடுகளில் சுவர் விழுந்தது. விழுந்த சுவரைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டவள் நூர்பானு ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அவள் புருஷன் அகமது கபீர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். கொத்தனார். கைவேலை சுத்தம், கோபம்தான் கொஞ்சம் அதிகம். பஸ் ஸ்டாண்டில் ஒருவனோடு வாய்த்தகராறு முற்றி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டான். விழுந்தவன் கல்லில் மண்டை மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனான். பத்து வருஷம் போட்டார்கள். செய்தது தப்புதான் என்று கபீரே கோர்ட்டில் ஒத்துக்கொண்டான். நூர்பானுவும் அதை மறுத்து ஒரு நாளும் பேசினதில்லை. செத்தவன் வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் கேட்டது சின்ன விஷயம். கபீரின் அத்தா சேக் முகைதீனுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. அவர் கண்ணை மூடுவதற்குள் மகன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, பக்கத்தில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற தெம்பு பெரியவருக்கு இல்லை.

பரோல் உண்டு, ஆனால் தகுந்த காரணம் வேண்டும் என்றார்கள். பெற்ற தகப்பனைப் பார்க்க ஆசை என்பது காரணத்தில் சேராது. கல்யாணம் காரணம், பிரசவம் காரணம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது காரணம். கபீருக்கும் நூர்பானுவுக்கும் பிள்ளை இல்லை, ஆகவே அவர்களிடம் காரணமும் இல்லை. அவளிடம் சொன்ன வரிசையில் கடைசியாக ஒன்று இருந்தது. வீட்டைப் பழுது பார்ப்பது. ஆனால் வீட்டைக் கட்டினவன் கபீர் ஆயிற்றே, அது எங்கே பழுதாகிறது என்று நூர்பானு கவலையோடு இருந்தபோதுதான், ஆண்டவனாகப் பார்த்து மேற்குச் சுவரைத் தள்ளிவிட்டான்.

"ஏட்டி பானு, சுவரு போச்சேட்டி!" என்று அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றுகிறவர்கள்.

"போகட்டும்க்கா. அவிய வந்து கட்டட்டும்" என்றாள் நூர்பானு. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

மனு போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது இல்லத் தகுதி ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. கைதி போய்த் தங்கப்போகிற வீடு அதற்கு லாயக்கான வீடுதானா என்று பார்த்து எழுதுவதற்காகவே வைத்திருந்த பிரிவு. அதன் ஆய்வாளர் ஞானதுரை. நியாயமான மனிதர், லஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கியிருந்தால் தேவலை என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வு என்றதும் தெருவே கூடி வேலை பார்த்தது. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி வாசல் தெளித்து, சண்முகத்தாய் வீட்டு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். விழுந்த செங்கல்லையெல்லாம் துடைத்து அடுக்கி வைத்தார்கள். சுவர் இருந்த இடத்தில், வெயில் அடிக்காமல் இருக்கக் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைக் கட்டித் தொங்கவிட்டாள் நூர்பானு. காயம் பட்ட வீட்டுக்குக் கட்டுப்போட்டது போலத்தான் இருந்தது.

ஞானதுரை குடையோடும் ஒரு அளவு டேப்போடும் வந்தார். ஃபைலைச் சுமந்துகொண்டு பியூன் தவசிமுத்து பின்னால் வந்தான். தெருவிலிருந்து வந்தால் முதலில் இருப்பது அந்தத் திறந்த மேற்குப் பக்கம்தான். அந்தச் சல்லாத் துணி வழியாக உள்ளே இருப்பவர்கள் அவரைப் பார்க்கிறார்கள், அவரும் அவர்களைப் பார்க்கிறார். ஆனாலும் அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசற்கதவைத் தட்டி, திறந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"சுவர் எங்கேம்மா?"

"விழுந்துட்டு சார். அதைக் கட்டத்தான் அவிய வரணும்னு மனுப் போட்டிருக்கோம்."

ஞானதுரை நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார். "நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாக் கேக்கணும். அரசாங்கம் உங்க வீட்டுக்காரரை நாலு சுவருக்குள்ளே பத்திரமா வச்சிருக்கு. அப்பேர்ப்பட்டவரை மூணு சுவர் உள்ள வீட்டுக்கு அனுப்பலாமா? மழை அடிச்சா அவர் நனைவாரே? நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது? சிறைவாசியோட நலம்தாம்மா எங்களுக்கு முக்கியம்."

"சுவரு இருந்தா அவிய எதுக்கு சார் வரணும்?"

"அது என் பிரிவு இல்லை. காரணத்தைப் பாக்கிறது பாளையங்கோட்டை. வீட்டைப் பாக்கிறது நான்" என்றார் ஞானதுரை. ஆள் தங்கத் தகுதியற்ற வீடு என்று எழுதிக்கொண்டு, மறுபடியும் வாசல் வழியாகவே வெளியே போனார்.

சரி, சுவர்தானே, கட்டிவிடுவோம் என்று கிளம்பினான் மொக்கைச்சாமி. கபீரோடு ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவன். கூலி பேசவில்லை. தெருவில் ஆளுக்கொரு கை கொடுக்க, சுவர் மளமளவென்று எழும்பிற்று. ஆனால் உச்சி வரிசையில் ஒரே ஒரு செங்கல்லுக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு மொக்கைச்சாமி இறங்கிவிட்டான்.

"அதை என்னத்துக்குண்ணே விட்டிய?" என்று கேட்டாள் நூர்பானு.

"அது கபீரு வைக்கட்டும் தாயி. கொத்தனாரு வீட்டுச் சுவரை அடுத்தவன் முடிச்சான்னு இருக்கக் கூடாது. வந்து அந்த ஒரு கல்லை வச்சான்னா அவன் கட்டுன சுவருதான்."

சேக் முகைதீனுக்குக் கண் மங்கல். புதுச் சுவரோரமாக உட்கார்ந்து கையால் தடவித் தடவிப் பார்த்தார். "பூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கபீரு கை இல்லை" என்றார். அதற்குப் பிறகு தொழும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. தொழுகிற திசை மேற்கு அல்லவா.

இரண்டாவது ஆய்வுக்கு வந்த ஞானதுரை சுவரை டேப்பால் அளந்து, விரலால் சுண்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மேலே பார்த்தார்.

"அந்த ஓட்டை எதுக்கு?"

மொக்கைச்சாமி விஷயத்தைச் சொன்னான். ஞானதுரை உருக்கமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உணர்ச்சி வேறே, துவாரம் வேறே" என்றார். "கைதி வந்து தங்கற வீட்டிலே கணக்கில் வராத ஒரு துவாரம் இருக்கக் கூடாது. இப்பவே அடைச்சாத்தான் நான் எழுதுவேன்."

மொக்கைச்சாமி நூர்பானுவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சாரம் கட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கல்லை வைத்துப் பூசிவிட்டுப் போய்விட்டான்.

அதோடு முடியவில்லை. மாதிரி வாசம் என்று ஒரு சடங்கு பாக்கி இருந்தது. கைதி வீட்டில் எப்படி இருப்பான் என்பதைக் கைதி வருவதற்கு முன்பே நடத்திப் பார்ப்பது. தவசிமுத்துதான் எல்லா வீட்டுக்கும் கைதி. வருஷக்கணக்காக அவன் எத்தனையோ பேருக்குப் பதிலாக எத்தனையோ வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் வந்தா என்னம்மா சமைப்பீங்க?"

"நெய்ச்சோறும் தாளிச்சாவும் சார். அவியளுக்கு அதுதான் பிடிக்கும்."

"அதையே செய்யுங்க. இல்லேன்னா ஆய்வு சரியா வராது."

நூர்பானு அடுப்பு மூட்டினாள். கபீர் வருகிற அன்றைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த அரிசியையும் நெய்யையும் எடுத்தாள். கபீருடைய தட்டில் தவசிமுத்து சாப்பிட்டான். கபீருடைய பாயில், கபீர் தலைவைக்கிற பக்கமே தலைவைத்துப் படுத்தான். ஞானதுரை கூரையையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் குறிப்பு எடுத்தார். "இப்ப தப்பிக்க முயற்சி பண்ணு" என்று அவர் சொன்னபோது தவசிமுத்து நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பிக்கிற எண்ணம் வரவில்லை" என்று ஞானதுரை எழுதிக்கொண்டார்.

நூர்பானு அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். எவனோ ஒருத்தன் தன் புருஷன் பாயில் தூங்கிவிட்டான் என்பதற்கு இல்லை. அந்தப் பாய் இத்தனை வருஷம் காலியாகக் கிடந்ததே, அதில் ஒரு ஆள் படுத்தால் வீடு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது ஞாபகம் வந்துவிட்டது.

போகும்போது தவசிமுத்து மட்டும் அவளிடம் மெதுவாக, "மன்னிச்சுக்கோங்கம்மா. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான்.

பதில் வந்தது. வீடு எல்லா வகையிலும் தகுதியானது. ஆனால் சுவர் நல்ல நிலையில் இருப்பதாக ஆய்வாளரே சான்று அளித்துவிட்டபடியால், வீட்டைப் பழுது பார்ப்பது என்ற காரணம் அற்றுப்போய்விட்டது. விண்ணப்பம் தள்ளுபடி.

நூர்பானு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஞானதுரை அவளை உட்காரச் சொல்லி மரியாதையாகப் பேசினார்.

"உங்க வீடு பாஸ் ஆயிடுச்சும்மா. நீங்க சந்தோஷப்படணும். இந்தப் பக்கத்திலேயே அப்படி ஒரு வீடு இல்லை."

"அப்ப அவியள அனுப்புவியளா சார்?"

"எதுக்கு?"

"சுவரு கட்ட."

"எந்தச் சுவர்?"

அவள் முகத்தைப் பார்த்து ஞானதுரைக்கே மனசு கேட்கவில்லை போலும். குரலைத் தாழ்த்தி, "வீட்டிலே பெரியவர் ஒருத்தர் இழுத்துக்கிட்டு இருக்கிறாரே, அதைக் காரணமாப் போடுங்க. தகப்பனாருக்குக் கடும் நோய். டாக்டர் சீட்டு வாங்கி வைங்க. நானே வந்து பார்த்து எழுதறேன்" என்றார். எப்பேர்ப்பட்ட நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே அவள் ஊருக்கு வந்தாள். உள்ளபடியே அவருக்கு நல்ல மனசுதான். அதனால்தான் இதெல்லாம் நடந்தது.

மூன்றாவது ஆய்வுக்கு அதிக ஏற்பாடு இல்லை. பெரியவர் படுத்திருந்தால் போதும். டாக்டர் சீட்டு தலைமாட்டில் இருந்தது. இருமலும் இளைப்பும் அவரிடமே இருந்தன.

"மாமா, அந்தச் சார் வரும்போது எந்திரிக்காதிய. கேட்டாலும் பேசாதிய. கண்ணை மூடிக்கிட்டுக் கிடங்க" என்று சண்முகத்தாய் படித்துப் படித்துச் சொன்னாள். அவளும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"சரி தாயி. அதுல என்ன இருக்கு? நெசமாவே முடியலதான" என்றார் சேக் முகைதீன்.

ஆனால் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் ஆயுசு பூராவும் மில் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர். வாசலில் ஒரு நிழல் விழுந்தால் எழுந்து வாங்க என்று சொல்லிப் பழகின உடம்பு அது. ஞானதுரை கதவைத் தட்டி, "வணக்கம் பெரியவரே" என்று சொன்னதுதான் தாமதம், சேக் முகைதீன் கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தலையணைக்கு அடியில் இருந்த தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. தாயி, அய்யாவுக்கு டீ போடு. சீனி தூக்கலாவா, கம்மியாவான்னு கேளு. வெயில்ல வந்திருக்காவ, முதல்ல தண்ணி குடு."

சண்முகத்தாய் ஞானதுரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, படுங்க படுங்க என்று கையால் ஜாடை காட்டினாள். பெரியவருக்குக் கண் தெரிந்தால்தானே.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றார் ஞானதுரை.

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கிய? வீட்ல எல்லாரும் சொகமா?"

ஞானதுரை எழுதிக்கொண்டார். பெரியவர் நன்றாக உட்காருகிறார், தெளிவாகப் பேசுகிறார், விருந்தோம்பல் சிறப்பாக உள்ளது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புகிற நேரம் சேக் முகைதீன் கேட்டார்: "அய்யா, ஒண்ணு கேக்கணும். நான் மௌத்தாயிட்டா மகனை விடுவியளா?"

ஞானதுரையின் முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்பது அபூர்வம். "அதுக்கு உடனே உண்டு பெரியவரே. மரணம்னா தட்டவே முடியாத காரணம். நோயிலே ஏமாத்தலாம், கல்யாணத்திலே ஏமாத்தலாம், இதிலே யாரும் ஏமாத்த முடியாது. தந்தி குடுத்தா அங்கே வண்டி தயாரா இருக்கும். நான் வந்து ஒரு பார்வை பார்த்து எழுதினாப் போதும்."

"அப்ப சரி" என்றார் சேக் முகைதீன்.

ஞானதுரை தெருமுனை திரும்புகிறவரை அடக்கி வைத்திருந்த இருமல் அப்புறம்தான் வந்தது. பெரியவர் பாயில் சுருண்டுவிட்டார். நூர்பானு நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். கோபப்பட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது, முடியவில்லை.

"வீட்டுக்கு வந்தவியளப் படுத்துக்கிட்டே எப்படித் தாயி வாங்கன்னு சொல்ல?" என்று அவர் மூச்சுக்கு நடுவில் கேட்டார்.

"பரவாயில்ல மாமா" என்றாள்.

அந்த மனுவும் தள்ளுபடியாயிற்று. மாசி பிறந்து, ஒரு நாள் காலைத் தொழுகைக்குப் பின் சேக் முகைதீன் மௌத்தானார். மேற்குச் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே போய்விட்டார். மொக்கைச்சாமி தந்தி கொடுக்க ஓடினான். ஞானதுரை சொன்னது பொய் இல்லை. பாளையங்கோட்டையில் கபீரைக் குளிக்கச் சொல்லி, சட்டை மாற்றச் சொல்லி, வண்டிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். காவலுக்குப் போலீஸ்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆய்வு அறிக்கை ஒன்றுதான் வர வேண்டும்.

மொக்கைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். ஆய்வுப் பிரிவு பூட்டிக் கிடந்தது. வாசலில் காவலுக்கு இருந்த தவசிமுத்து கையைப் பிசைந்தான். "சார் குத்தாலம் போயிருக்காருண்ணே. ஆய்வுகளை விரைவுபடுத்துவது எப்படின்னு கூட்டம். நாளைக்குத்தான் வருவாரு."

மய்யித்தை, இறந்தவர் உடம்பை, அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது. ஆனாலும் ஜமாஅத்தார் பொறுத்தார்கள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு எடுக்கலாம் என்றவர்கள், மகன் வரட்டும் என்று சாயங்காலத் தொழுகையான அசர் வரைக்கும் பொறுத்தார்கள். அசர் முடிந்தும் தெருமுனையில் எந்த வண்டியும் திரும்பவில்லை. பள்ளிவாசல் முத்தவல்லி நைனா முகமது வந்து, "இன்னும் வச்சிருந்தா அவருக்குத்தான்மா சிரமம்" என்று தணிந்த குரலில் சொன்னார். நூர்பானு சரி என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காகத் தன்னைக் கபீர் மன்னிக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றிற்று.

கபுறுக் குழியில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். மொக்கைச்சாமி ஓரமாக நின்று கேட்டானாம், கபீருக்காக நான் போடலாமா என்று. போடு என்றார்களாம். இதை அவன் வந்து சொன்னபோது சண்முகத்தாய் ஓவென்று அழுதாள். நூர்பானு அழவில்லை. அவளுக்குள் எல்லாம் காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலையில் ஞானதுரை வந்தார். குற்றாலத்திலிருந்து நேராக, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். வாசற்கதவு திறந்துதான் கிடந்தது, இருந்தாலும் தட்டினார். முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது.

"நல்ல மனுஷன். அன்னைக்குக் குடிச்ச டீ இன்னும் நாக்கிலே நிக்குது" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "பெரியவர் எங்கே?"

"அடக்கம் பண்ணியாச்சு சார். நேத்தே."

ஞானதுரை பேனாவை மூடினார். "அடடா. அவசரப்பட்டுட்டீங்களேம்மா. காரணம்கிறது நான் வந்து பார்க்கிற நேரத்திலே இருக்கணும். நான் எதைப் பார்த்தேன்னு எழுதறது? உங்க மேலே எனக்கு இரக்கம் இல்லைன்னு நினைக்காதீங்க. இரக்கத்தை எழுதறதுக்கு இடம் இருந்தா முதல்லே உங்களுக்குத்தான் எழுதுவேன். இப்போதைக்கு வீட்டை மட்டும் எழுதிட்டுப் போறேன். வீட்டிலே ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தச் சுவர் இருக்கு பாருங்க, நான் பார்த்த சுவர்களிலேயே அருமையான சுவர்."

பாளையங்கோட்டையில் கபீரைச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அத்தா முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணெய் வைத்துச் சீவின தலையோடு மறுபடியும் உள்ளே போயிருப்பான். அதை நினைத்த மாத்திரத்தில் நூர்பானுவுக்கு அழுகை கிளம்பிற்று. அழுதுகொண்டே எழுந்தாள். மொக்கைச்சாமி கபுறு வெட்டிவிட்டு வந்து மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, உச்சி வரிசையில் கடைசியாக வைத்த அந்தச் செங்கல்லில் ஓங்கிக் குத்தினாள்.

"என்னம்மா பண்றீங்க! நல்ல சுவர்!" என்று பதறி எழுந்தார் ஞானதுரை.

"காரணம் இல்லன்னு சொன்னியல்லா சார். செத்த நேரம் இருங்க. பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போங்க."

செங்கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. தவசிமுத்து ஃபைலைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டான். ஞானதுரைக்குப் பழகின கை சும்மா இருக்குமா, பையிலிருந்து டேப்பை எடுத்து இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தார்.

நூர்பானு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடப்பாரையை மறுபடியும் ஓங்கினாள்.

"முழுசா விழட்டும் சார். பொறவு அளங்க."